அழைத்து வரும் படையும் அது கேட்கும் விலையும்

அல்ஹம்துலில்லாஹ்! புகழனைத்தும் அகிலங்களின் இறைவன் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக! ஆமீன்.



சென்ற வாரம் இஷா தொழுகை முடிந்து பள்ளியின் வெளித் திண்ணையில் நம் இளைஞர்கள் சிலர் சூடாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். செல்போனில் பார்த்த ஒரு செய்திதான் பேச்சுக்குக் காரணம். "இத்தனை பேர் சாகிறார்கள், ஒரு நாடாவது படையை அனுப்பி இவர்களைக் காப்பாற்றக் கூடாதா?" என்றார் ஒருவர். "வெளியிலிருந்து எந்தப் படை போய் எந்த ஊர் உருப்பட்டிருக்கிறது? ஈராக்கைப் பார், லிபியாவைப் பார்" என்றார் இன்னொருவர். கடைசியில் என்னிடம் வந்து, "ஹழ்ரத், மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டார்கள்.

நான் பதில் சொல்வதற்கு முன்பே, தூணில் சாய்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வாய் திறந்தார். அக்கரையிலிருந்து படகேறி இக்கரைக்கு வந்தவர் அவர். "தம்பி, எங்க ஊருக்குப் படை வந்தப்போ முதல் நாள் மாலை போட்டோம். மூணாவது மாசம் அதே படைக்குப் பயந்து ஒளிஞ்சோம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அந்தக் கேள்வியையும் அந்தப் பெரியவரின் சொல்லையும் வைத்தே இன்றைய ஜும்ஆவில் பேச நினைக்கிறேன்.

உதவுவது கடமை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அநீதி இழைக்கப்பட்டவனைக் கைவிட மார்க்கம் நமக்கு அனுமதி தரவில்லை. எங்களை இந்த அக்கிரமக்கார ஊரிலிருந்து வெளியேற்று, எங்களுக்கு ஒரு உதவியாளரைத் தா என்று பலவீனமான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கதறும்போது, அவர்களுக்காகப் போராடாமல் இருக்க உங்களுக்கு என்ன நேர்ந்தது என்ற கருத்தில் அல்லாஹ் கேட்கிறான் (அந்நிஸா 4:75).

தலையிடாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 1995 ஜூலையில் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஊர் 'பாதுகாப்புப் பகுதி' என்று ஐக்கிய நாடுகள் சபையே அறிவித்த ஊர். அங்கே ஐ.நா. படையினர் இருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் பிரித்துக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகவே, 'நமக்கென்ன, அது அவர்கள் பிரச்சினை' என்று சொல்லிவிட்டு ஒரு முஃமின் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆனால், உதவுவது கடமை என்பது வேறு. உதவி என்ற பெயரில் வருகிற எல்லாமே உதவிதான் என்று நம்புவது வேறு.

ஒரு பேரரசியின் எச்சரிக்கை

அந்நம்ல் அத்தியாயத்தில் (27:34) ஸபா நாட்டு அரசியின் சொல் ஒன்றை அல்லாஹ் எடுத்துக் காட்டுகிறான். மன்னர்கள் ஓர் ஊருக்குள் படையோடு நுழைந்தால் அதைச் சீரழித்துவிடுவார்கள், அங்கே கண்ணியமாக இருப்போரை இழிவுக்குள்ளாக்கிவிடுவார்கள் என்பது அந்தச் சொல்லின் கருத்து. அவர் அப்போது சூரியனை வணங்கிக்கொண்டிருந்தவர்தான். ஆனாலும், வசனத்தின் இறுதியில் வரும் 'அப்படித்தான் அவர்கள் செய்வார்கள்' என்ற கருத்துள்ள பகுதி, அவரது சொல்லை உண்மையென அல்லாஹ்வே உறுதிப்படுத்தியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கம் கூறியதாக இப்னு கஸீர் (ரஹ்) தமது தஃப்ஸீரில் பதிவு செய்கிறார்கள்.

சிந்தியுங்கள். அவரது சபையோர் 'நமக்குப் பலமிருக்கிறது, போர் செய்யலாம்' என்றார்கள். அவரோ படை என்றால் என்ன, அது ஊருக்குள் வந்தால் என்னவாகும் என்று அறிந்திருந்தார். அதனால் வாளை எடுக்காமல் முதலில் தூதரை அனுப்பினார்.

நமது கடற்கரையில் நடந்தது

இதற்கு உதாரணம் தேட பாக்தாத் வரை போக வேண்டாம். நாம் தொழுகிற இந்தக் கரையே சாட்சி.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே முத்துச் சலாபம் பெரும்பாலும் நமது முன்னோர்களான முஸ்லிம் வணிகர்களின் கையில் இருந்தது. கடலில் மூச்சடக்கி மூழ்கி முத்துச் சிப்பி எடுத்தவர்கள் பரதவ மக்கள். உழைப்பு ஒரு பக்கம், இலாபம் ஒரு பக்கம். மனக்கசப்பு வளர்ந்து கைகலப்பானது. இரு தரப்பிலும் இரத்தம் சிந்தியது. முறையிட உள்ளூரில் ஒரு வாசல் இல்லை என்று உணர்ந்த பரதவர் தலைவர்கள் 1530களில் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் கிறிஸ்தவ மதத்தைத் தழுவினார்கள். போர்த்துகீசியக் கப்பற்படை வந்தது. 1538இல் மண்டபத்துக்கு அருகேயுள்ள வேதாளையில் மரைக்காயர்களின் கப்பற்படை தோற்கடிக்கப்பட்டது.

நம்மவர் தோற்றார்கள், சரி. அழைத்தவர்கள் வென்றார்களா? முத்துக்குளிப்பின் வருமானம் போர்த்துகீசிய அதிகாரிகளின் கைக்குப் போனது. கடலில் கப்பல் ஓட்ட அவர்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. அந்த மக்களிடையே ஊழியம் செய்ய வந்த பிரான்சிஸ் சேவியர் பாதிரியாரே, தம் நாட்டு அதிகாரிகள் அந்த எளிய மக்களுக்குச் செய்த கொடுமைகளைப் பற்றி வேதனையோடு கடிதங்கள் எழுதினார். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். கொடி மாறியதே தவிர அந்நியர் ஆட்சி மாறவில்லை. இந்தக் கடலில் நம் கப்பலை நாமே ஓட்ட வேண்டும் என்று 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. அவர்கள் 1908இல் சிறைக்குப் போனார்கள். நமது துறைமுகத்துக்கு இன்று அவர் பெயர்தான். அன்று அழைத்து வந்த படைக்கு இந்தக் கரை எத்தனை தலைமுறை விலை கொடுத்தது பார்த்தீர்களா?

இதைச் சொல்லும்போது பரதவச் சகோதரர்கள் மீது குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர்கள் நம் அண்டை வீட்டார். நான் குறை சொல்ல வேண்டியது நம்மைத்தான். மக்காவில் ஸபீத் கோத்திரத்து வெளியூர் வியாபாரி ஒருவரிடம் பொருளை வாங்கிக்கொண்டு விலை தர மறுத்தார் ஆஸ் இப்னு வாயில். அந்த வியாபாரி அபூ குபைஸ் மலை மீதேறி முறையிட்டார். அவருக்காகக் குறைஷித் தலைவர்களில் சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் வீட்டில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் பக்கம் நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பிறகும் அப்படியொரு உடன்படிக்கைக்கு அழைக்கப்பட்டால் நான் பதில் கொடுப்பேன் என்ற கருத்தில் சொன்னார்கள்.

அந்த மக்கா வியாபாரிக்கு உள்ளூரில் நீதி கிடைத்தது. அவர் ரோமாபுரிப் படையையோ பாரசீகப் படையையோ தேடிப் போகவில்லை. நம் கரையில் அப்படி ஒரு ஹில்ஃபுல் ஃபுளூல் இருந்திருந்தால் பரதவர்கள் கொச்சிக்குப் போயிருக்க வேண்டிய தேவை என்ன? அந்நியப் படைக்கு முதல் அழைப்பிதழை எழுதுவது பெரும்பாலும் உள்ளூர் அநீதிதான்.

அக்கரைக்குப் போன அமைதிப்படை

இப்போது அந்தப் பெரியவரின் சொல்லுக்கு வருவோம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து படகு படகாக மக்கள் நம் கரைக்கு வந்தார்கள். 1987இல் இலங்கை இராணுவம் வடமராட்சியில் பெரும் தாக்குதல் நடத்தியது. இராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருளோடு போன படகுகள் திருப்பி அனுப்பப்பட்டன. மறுநாள், ஜூன் 4ஆம் தேதி, இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளை இறக்கின. அன்று தமிழ்நாடே மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சியில் தவறில்லை, பசித்தவனுக்கு உணவு போனது.

ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். இந்திய அமைதி காக்கும் படை போனது. ஆயுதங்களை வாங்கி வைப்பது, அமைதியை நிலைநாட்டுவது, திரும்பி வருவது. இதுதான் திட்டம். யாழ்ப்பாணத்து மக்கள் மாலையோடு வரவேற்றார்கள். அக்டோபர் 10ஆம் தேதி அதே படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் தொடங்கிவிட்டது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் படையினர் நுழைந்து சுட்டதில் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த மருத்துவமனை ஊழியர்கள் ஆண்டுதோறும் அவர்களை நினைவுகூர்கிறார்கள்.

நம் தரப்பு இழப்பையும் சொல்ல வேண்டும். சுமார் 1,200 இந்திய வீரர்கள் அந்த மண்ணில் உயிர் துறந்தார்கள். அவர்களும் ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகள்தாம். கட்டளைக்குப் போனவர்கள், யாரோடு போர், எதற்காகப் போர் என்பது பாதி வழியில் மாறிப்போன ஒரு பணிக்கு அனுப்பப்பட்டவர்கள். சில ஆயிரம் பேராகப் போன படை பல பத்தாயிரம் பேராகப் பெருகியது. இறுதியில் இலங்கையின் புதிய அதிபர் பிரேமதாசாவே அந்தப் படையை வெளியேறச் சொன்னார். அதை எதிர்க்க விடுதலைப் புலிகளுக்கே அவரது அரசு ஆயுதம் கொடுத்தது. 1990 மார்ச் 24இல் கடைசி வீரரும் திரும்பினார். திரும்பி வந்த படையை வரவேற்க அன்றைய தமிழக முதல்வர் கலைஞர் போகவில்லை. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் கொல்லப்பட்டார்கள். முப்பத்திரண்டு மாதம் நடந்த ஒரு தலையீட்டின் விலை இது.

இன்னொன்றை நாம் குறிப்பாக நினைக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைத்தது. கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். தங்கள் தலைவிதியை எழுதிய அந்த மேசையில் அவர்களுக்கு ஒரு நாற்காலி கூடப் போடப்படவில்லை. படை திரும்பிய சில மாதங்களில் போர் மீண்டும் வெடித்தது. 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடியில் இஷா தொழுகையில் நின்றவர்கள் மீது இரண்டு பள்ளிவாசல்களில் துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் உடுத்திய உடையோடு விரட்டப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நமக்கு நேர் அக்கரையான புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஒதுங்கினார்கள்.

இந்தப் பாவங்களுக்குப் பொறுப்பு அவற்றைச் செய்தவர்களே. அமைதிப்படைதான் காரணம் என்று சொன்னால் அது நீதியாகாது. ஆனால், ஒரு படை வந்து, எல்லாரிடமும் இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் கலைத்து, எதையும் தீர்க்காமல் போகும்போது, அது விட்டுச்செல்லும் வெற்றிடத்தில் முதலில் நசுங்குவது எண்ணிக்கையில் சிறியவர்கள்தாம்.

மாலத்தீவில் மட்டும் எப்படி முடிந்தது?

அப்படியானால் எல்லாத் தலையீடும் கேடுதானா? அவசரப்பட வேண்டாம். அமைதிப்படை இலங்கையில் இருந்த அதே காலத்தில், 1988 நவம்பர் 3ஆம் தேதி, நம் தோணிகள் சரக்கோடு போய் வருகிற மாலத்தீவில் ஒரு கூலிப்படை இறங்கியது. இலங்கையின் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த சுமார் 80 பேர், அதிபர் கையூமின் ஆட்சியைக் கவிழ்க்க வந்தார்கள். கையூம் உதவி கேட்டார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து இந்திய வீரர்கள் விமானத்தில் போய் இறங்கினார்கள். சில மணி நேரத்தில் மாலே மீட்கப்பட்டது. பணயக் கைதிகளோடு தப்பிய கப்பலையும் இந்தியக் கடற்படை மடக்கியது. பெரும்பகுதி வீரர்கள் விரைவிலேயே ஊர் திரும்பினார்கள், சிறு பிரிவு மட்டும் ஏறத்தாழ ஓராண்டு இருந்தது.

ஒரே நாடு, ஒரே இராணுவம், ஏறத்தாழ ஒரே காலம். ஓரிடத்தில் வேலை முடிந்தது, இன்னோரிடத்தில் காயம் ஆறவில்லை. வீரர்கள் வேறு வேறானவர்கள் அல்ல. மாலத்தீவில் பணி குறுகியது, முடிவு தெளிவு, திரும்பும் வழி திறந்திருந்தது. இலங்கையிலோ உள்நாட்டு மக்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய ஒன்றை வெளிப்படை துப்பாக்கியால் தீர்க்க முற்பட்டது. அந்த மாலத்தீவிலும் கூட, பின்னாளில் அங்கிருந்த நூற்றுக்கும் குறைவான இந்திய இராணுவத்தினரே தேர்தல் பிரச்சினையாகி, 2024 மே மாதத்தில் திரும்ப வேண்டி வந்தது. நன்றியுள்ள வீட்டிலும் விருந்தாளி நாள் கணக்குப் பார்க்க வேண்டும்!

குர்ஆன் சொல்லும் ஒழுங்கு

இளைஞர்களே! உங்கள் கேள்விக்கு அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:9) ஒரு வரிசையைக் கற்றுத் தருகிறது. இரு கூட்டத்தார் சண்டையிட்டால் முதலில் சமாதானம் செய்து வைக்க வேண்டும். ஒரு கூட்டம் வரம்பு மீறினால், அது அல்லாஹ்வின் கட்டளைக்குத் திரும்பும் வரை அதை எதிர்க்க வேண்டும். திரும்பிவிட்டால் மீண்டும் நீதியோடு சமாதானம் செய்ய வேண்டும். இதுதான் அந்த வசனத்தின் கருத்து. கவனித்தீர்களா? தொடக்கத்திலும் சமாதானம், முடிவிலும் சமாதானம். நடுவில் வரும் பலப்பிரயோகத்துக்கு ஓர் எல்லை. இரண்டாவது சமாதானத்தோடு 'நீதி' என்ற சொல் சேர்ந்தே வருகிறது. படையின் பலத்தோடு நிற்பவனுக்குத்தான் நீதியை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தவறு நடந்தால் என்ன செய்வது? அதற்கும் நபிவழி இருக்கிறது. ஜதீமா கோத்திரத்தாரிடம் அனுப்பப்பட்ட காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள், அம்மக்கள் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டதால் அங்கே கொலைகள் நடந்தன. செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், "தளபதியை விட்டுக்கொடுக்கக் கூடாது" என்று மறைக்கவில்லை. இரு கைகளையும் உயர்த்தி, காலித் செய்ததை விட்டு நான் விலகியவன் என்ற கருத்தில் இரண்டு முறை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. பிறகு அலீ (ரலி) அவர்களைப் பணத்தோடு அனுப்பினார்கள். உயிருக்கு மட்டுமல்ல, நாய் நீர் குடிக்கும் மரக் கிண்ணத்துக்குக் கூட ஈடு கொடுக்கப்பட்டது என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன.

இன்றைய உலகில் எந்தப் படை நாய்க் கிண்ணத்துக்குக் கணக்குக் கொடுத்திருக்கிறது? 2003இல் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி ஈராக்குக்குள் நுழைந்தார்கள், அந்த ஆயுதம் கிடைக்கவே இல்லை. 2011இல் மக்களைக் காப்பதாகச் சொல்லி லிபியாவில் குண்டு போட்டார்கள், கடாபி போன பின் அந்த நாடு இரண்டாகப் பிளந்து நின்றது. ஆப்கானிஸ்தானில் இருபது ஆண்டுகள் இருந்துவிட்டு 2021இல் புறப்பட்டார்கள், யாரை விரட்டினார்களோ அவர்களே ஆட்சியில் அமர்ந்தார்கள்.

ஆகவே இனி ஒரு படை எங்கேனும் 'காப்பாற்றப் போகிறோம்' என்று புறப்படும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். யார் அழைத்தது? என்ன வேலைக்காக? பேச்சு மேசையில் இடம் கிடைக்காதவர் யார்? தவறு நடந்தால் யாரிடம் கணக்கு? எப்போது திரும்புவார்கள்? இந்த ஐந்துக்கும் பதில் இல்லாத படை முஸ்லிம் நாட்டின் படையாக இருந்தாலும் கைதட்டாதீர்கள். பதில் இருந்தாலும், கைதட்டுவதை விட துஆச் செய்வது மேல்.

நம் கையில் இருப்பது

"ஹழ்ரத், படை அனுப்புவதும் நிறுத்துவதும் நம் கையிலா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால், அக்கிரமக்காரனாயினும் அக்கிரமம் செய்யப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்றும், அக்கிரமக்காரனுக்கு உதவுவது அவன் கையைத் தடுப்பதே என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த கருத்து புகாரியில் இருக்கிறது. அந்த உதவிக்குப் பீரங்கி தேவையில்லை.

அக்கரையின் போரால் வந்தவர்கள் இன்றும் நம் மாவட்டத்து முகாம்களில் இருக்கிறார்கள். அவர்களது பேரப்பிள்ளைகள் இந்த மண்ணில் பிறந்து, இங்கே படித்து, இன்னும் குடியுரிமை இல்லாமல் நிற்கிறார்கள். அவர்கள் என்ன மதம் என்று கேட்காமல் அவர்களின் படிப்புக்கும் வேலைக்கும் கை கொடுப்பது நம்மால் முடியும். நமது கடையில், நமது தோணியில், நமது உப்பளத்தில் வேலை செய்பவர் கூலி குறைகிறது என்று முறையிட்டால், அவர் வெளியே வாசல் தேடுமுன் நமது ஜமாஅத் அவருக்கு நீதி வழங்குவது நம்மால் முடியும். இரு தெருவுக்குள் சண்டை வந்தால், வெளியாள் உள்ளே வருமுன் நாமே உட்கார்ந்து பேசுவதும் நம்மால் முடியும்.

அந்தப் பெரியவரிடம் அன்றிரவு எழும்பும்போது கேட்டேன், "அப்படியானால் யாரும் வந்திருக்கவே வேண்டாம் என்கிறீர்களா?" அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "வரணும் ஹழ்ரத். ஆனா துப்பாக்கிக்கு முன்னாடி வந்திருக்கணும்."

நானூற்றைம்பது ஆண்டு இடைவெளியில் இந்தக் கடலின் இரு கரைகளும் கற்ற பாடம் அதுதான். சண்டைக்கு முன் நீதியோடு வருபவரைத்தான் மார்க்கம் உதவியாளர் என்கிறது.

யா அல்லாஹ்! உலகெங்கும் அநீதிக்குள்ளாகி நிற்கும் மக்களுக்கு உன் புறத்திலிருந்து உதவியாளர்களை ஏற்படுத்துவாயாக! உதவியின் பெயரால் வரும் அழிவிலிருந்து அவர்களைப் பாதுகாப்பாயாக! எங்கள் ஊரில், எங்கள் கையால், யாருக்கும் அநீதி நடக்காமல் காப்பாயாக! இக்கரையிலும் அக்கரையிலும் இருக்கும் எல்லா மக்களுக்கும் அமைதியான வாழ்வைத் தருவாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.